ஐந்து கட்டம்

குமாரபாளையத்தில் அர்த்தநாரி மாஸ்டரைத் தெரியாதவர் கிடையாது. எதற்காகத் தெரியும் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். பிள்ளைகளுக்கு அவர் டிரில் மாஸ்டர். தலைமையாசிரியருக்கு அவர் பாடம் நடத்தத் தேவையில்லாத ஆள், ஆகவே எந்த வேலையையும் தலையில் கட்டலாம். பெற்றவர்களுக்கோ அவர் ஒரு தொந்தரவு. வாரம் முழுக்கத் தறிச் சத்தத்தில் கிடந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து வந்து, அப்பாடா என்று அவர்கள் உட்காரும் நேரம் பார்த்துச் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வருவார்.

வந்ததும் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து, "பேனா இருக்குதுங்களா?" என்று கேட்பார். பேனா அவரிடமே இருக்கும். ஆனால் நெசவுக்காரர் வீட்டில் பேனா தேடினால் நாலு பேராவது கூடுவார்கள், கூடினவர்கள் அப்படியே உட்கார்ந்து கேட்பார்கள் என்று அவருக்கு ஒரு கணக்கு. பேனா கிடைத்ததும் தாளின் நடுவில் வரிசையாக ஐந்து கட்டம் போடுவார். முதல் கட்டத்தில் ஸ்கூல், இரண்டாவதில் சோன் என்கிற வட்டாரம், மூன்றாவதில் ஜில்லா, நான்காவதில் டிவிஷன், ஐந்தாவதில் ஸ்டேட். ஹாக்கி ஆடுகிற பிள்ளை எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்குப் போகும், யார் பார்த்து எடுப்பார்கள், எந்த மாதத்தில் போட்டி, எங்கே தங்குவார்கள், சோறு யார் போடுவார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவார்.

ஒரு வீட்டில் பாப்பாயி என்ற அம்மாள் தாளை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ராசிக் கட்டம் பன்னெண்டு இருக்கோணுமுங்களே, இதுல அஞ்சுதான இருக்குது?" என்று கேட்டார். மாஸ்டர் சிரிக்கவில்லை. முதலிலிருந்து மறுபடி சொன்னார்.

கேட்கப்படும் கேள்விகள் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். இதுல மார்க்கு வருமுங்களா? காலு ஒடஞ்சா ஆரு பாக்கறது? பந்தாட்டமுன்னா பந்தைக் காலுல ஒதைக்கறதுதான, இதென்னுங்க குச்சி? பெண் பிள்ளை என்றால் கேள்வியே கிடையாது, கதவுதான். நூறு வீட்டுப் படியாவது ஏறி இறங்கியிருப்பார். பத்து வீட்டில் சரி என்றிருப்பார்கள், அதிலும் பாதிப் பேர் அடுத்த வாரம் பிள்ளையைத் தறிக்கு நூல்தார் சுற்ற உட்கார வைத்துவிடுவார்கள்.

இந்தக் கிறுக்கு அவருக்கு எங்கிருந்து வந்தது என்றால், சொந்தக் கதைதான். திருச்செங்கோட்டுப் பக்கம் பண்ணையம் பார்க்கிற குடும்பம். பதினேழு வயதில் அவர் ஹாக்கி ஆடி ஜில்லா அணி வரைக்கும் வந்துவிட்டார். பயிற்சி முகாமுக்கு வரச்சொல்லிக் கடுதாசி வந்தது. அப்பா பச்சமுத்துவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடைக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். முகாம் என்றதும் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று முடிவு கட்டி, கடுதாசியை அடுப்பில் போட்டுவிட்டார். மகனைப் பறிகொடுக்கக் கூடாது என்ற பயம்தான், வேறு கெட்ட எண்ணம் இல்லை. யாராவது ஒருவர் வீட்டுக்கு வந்து விவரமாகச் சொல்லியிருந்தால் அப்பா அனுப்பியிருப்பார் என்று மாஸ்டர் கடைசிவரை நம்பினார். அந்த யாராவது ஒருவராகத் தானே ஆகிவிடுவது என்று எப்போது முடிவு செய்தார் என்பது அவருக்கே நினைவில்லை.

பள்ளிக்கூடம் ஒன்றாம் வகுப்பிலிருந்து பதினொன்று வரைக்கும் இருந்த உதவி பெறும் பள்ளி. மைதானம் என்று சொல்லிக்கொள்ள ஒரு செம்மண் தரை. அதிலும் காலை வேளையில் நெசவுக்காரர்கள் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். நூல் காய்ந்து சுருட்டும்வரை பிள்ளைகள் ஸ்டிக்கோடு ஓரமாக நிற்க வேண்டும். மாஸ்டர் அதற்குச் சண்டை போட்டதே இல்லை. பாவுக்காரர்களில் பாதிப் பேர் அவருடைய பிள்ளைகளின் தகப்பன்மார்.

அப்படி ஓரமாக நின்றவர்களில் ஒருத்திதான் பாவாயி. கந்தவேல், மயிலம்மாள் தம்பதியின் மூத்த பெண். வீட்டோடு இரண்டு விசைத்தறி. இவள் பள்ளிக்கு வருமுன்னும் போனபின்னும் ராட்டையில் தார் சுற்றுவாள். வலது கை சக்கரத்தைச் சுற்ற, இடது கை நூலைப் பிடித்து அளந்து விடும். ஹாக்கியில் ஸ்டிக்கைத் திருப்புவது இடது கைதான். மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் சொல்லிக் கொடுத்தும் வராதது இவளுக்கு ஒரு வாரத்தில் வந்தது. எதிரில் வருகிற பந்து அவள் ஸ்டிக்கைத் தொட்டதும் அங்கேயே நின்றுவிடும். மாஸ்டர் அதைப் பார்த்த அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டார்.

முதல் தடவை கந்தவேல் முகம் கொடுத்தே பேசவில்லை. இரண்டாம் தடவை, "பொம்பளப் புள்ளைங்க சார், நாளைக்கு ஒரு ஊட்டுக்குப் போறவ," என்றார். மூன்றாம் தடவைதான் மயிலம்மாள் வந்து எதிரில் உட்கார்ந்து தாளைக் கையில் வாங்கினார். அந்த அம்மாளுக்குத் தறிச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. உரக்கப் பேச வேண்டும்.

"இந்தக் கடேசிக் கட்டத்துக்கு அப்பறம் என்னுங்க?"

"ஸ்டேட்டு ஆடுன புள்ளைங்கள ரயில்வேல, போலீசுல, பேங்குல எல்லாம் வேலைக்குக் கூப்புடுவாங்க. எல்லாத்தையும் கூப்புடுவாங்கன்னு நான் பொய் சொல்ல மாட்டேனுங்க. பத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்குக் கிடைக்கும்."

"தறிச் சத்தம் இல்லாத வேலைங்களா?"

"ஆமாங்க. தறிச் சத்தம் இல்லாத வேலை."

மயிலம்மாளுக்கு அது போதுமாக இருந்தது. புருஷன் பக்கம் திரும்பி, "போவட்டுமுங்க," என்றார். அந்தத் தாளை வாங்கிப் பாவாயியின் ஜாதக நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். பள்ளி அணியில் சேர்த்த அன்று முதல் கட்டத்தில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். சோன் போட்டியில் ஜெயித்து வந்த அன்று இரண்டாவது பொட்டு.

எழுபத்தாறாம் வருஷம் சேலத்தில், அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு மைதானத்தில் ஜில்லாப் போட்டி நடந்தது. பாவாயி தடுத்த பந்துகளை மாஸ்டர் ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் எண்ணிக்கொண்டே வந்தார். ஈரோட்டில் டிவிஷன். அங்கே அணிக்கு ஆள் எடுக்க வந்திருந்தவர் இவரிடம் வந்து, "அந்த இடது பக்கத்துப் பொண்ணு எந்த ஊர் சார்?" என்று விசாரித்தார். மெட்ராஸில் நடக்கும் மாநில முகாமுக்கு, பதினைந்து வயதுக்குட்பட்ட பெண்கள் பட்டியலில் அவள் பெயர் வந்தது. நான்காவது பொட்டும் வைத்தாயிற்று.

இதற்கு நடுவில் மயிலம்மாளின் அண்ணன் சென்றாயன் தம்மம்பட்டியிலிருந்து வந்திருந்தார். மகனுக்குப் பாவாயியை இப்போதே பேசி வைத்துக்கொள்ளலாம் என்று முறையோடு கேட்டார். மயிலம்மாள், "புள்ள மெட்ராஸ் போயிட்டு வரட்டுமுண்ணா, அப்பறம் பேசலாம்," என்றார். கூடப் பிறந்தவளே நாள் கடத்துகிறாள் என்று சென்றாயனுக்குச் சுருக்கென்றது. இலை போட்டிருந்தும் உட்காராமல் போய்விட்டார். மாஸ்டர் காதுக்கும் இந்தச் சேதி வந்தது. ஒரு குடும்பம் தன்னுடைய ஐந்து கட்டத்தை நம்பிக் கூடப் பிறந்தவரையே பகைத்துக்கொண்டதை அவர் அதுவரை பார்த்ததில்லை.

முகாமுக்குப் பத்து நாள் இருக்கும்போது தலைமையாசிரியர் தங்கசாமி ஒரு சுற்றறிக்கையை நீட்டினார். இதுவரை வயதை ஜனவரி ஒன்றாம் தேதியை வைத்துப் பார்த்தார்கள். இந்த வருஷம் முதல் ஜூலை ஒன்றாம் தேதியை வைத்துப் பார்ப்பார்களாம். அன்றைக்குப் பதினைந்து வயது முடிந்திருக்கக் கூடாது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து, தலைமையாசிரியர் கையெழுத்தோடு பிறந்த தேதியை அனுப்ப வேண்டும்.

மாஸ்டர் பீரோவைத் திறந்து அறுபத்தாறாம் வருஷத்துப் பெரிய ரிஜிஸ்டரை எடுத்தார். க. பாவாயி. பிறந்த தேதி 1-6-61. ஒரு மாதம் கூடுதல். அதற்கு மேலே இருந்த பெயருக்கும் ஒன்று ஆறு. கீழே இருந்ததற்கும் ஒன்று ஆறு. பக்கம் முழுக்க ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லாம் ஜூன் ஒன்றாம் தேதியே பிறந்திருந்தார்கள். எழுத்து அவருடையது.

ஜூன் முதல் வாரத்தில் டிரில் கிடையாது. ஆகவே ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை மேஜையில் வருஷா வருஷம் அவரைத்தான் உட்கார வைப்பார்கள். தாய்மார்கள் வரிசையில் வருவார்கள். பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று கணக்கு. தொடாத பிள்ளையின் கையை ஆத்தாளே பிடித்து இழுத்துத் தொட வைப்பாள். "பாத்துப் போடுங்க சாமி, ஊட்டுல கெடந்தா தறிக்குள்ள கைய வுட்டுரும்," என்பாள். விதிப்படி ஜூலை முப்பத்தொன்றுக்குள் ஐந்து வயது முடிந்திருந்தால் போதும். முடியாத பிள்ளைக்கு ஏதோ ஒரு தேதி போட்டுச் சேர்த்துக்கொள்வார்கள். இது ஊரறிந்த விஷயம், யாரும் இதைப் பொய் என்று நினைத்ததில்லை. மாஸ்டர் எல்லாருக்கும் ஒன்று ஆறு என்று போட்டுவிடுவார். யோசிக்க வேண்டாம், எழுதவும் சுலபம், வரிசையும் சீக்கிரம் நகரும். முப்பத்தொன்று ஏழு என்று போட்டிருந்தாலும் பாவாயி அன்றைக்குப் பள்ளியில் சேர்ந்திருப்பாள். இன்றைக்கு மெட்ராஸுக்கும் போயிருப்பாள்.

அவர் அன்று மதியமே பஸ் ஏறிச் சேலம் போனார். ஓர் ஆபீஸிலிருந்து இன்னோர் ஆபீஸுக்கு அனுப்பினார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு குமாஸ்தா மட்டும் பொறுமையாகப் பதில் சொன்னார். தேதியை மாற்ற வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போக வேண்டும், வருஷக்கணக்கில் ஆகும். ஜாதகம் செல்லாது. பஞ்சாயத்தில் பிறப்புப் பதிவு இருந்தால் பார்க்கலாம். பதிவு இல்லை, அவள் வீட்டில் பிறந்தவள். திரும்பி வருகிற வழியில் சங்ககிரியில் பஸ் நின்றபோது, இறங்கி ஒரு டீ குடிக்கக்கூட அவர் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தாறு வயதில் அறுபது வயதுக்காரனைப் போல உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கந்தவேல் வீட்டுக்குப் போனார். தறி ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிறு அல்லாத நாளில் மாஸ்டரைக் கண்டதும் கந்தவேல் மோட்டாரை நிறுத்தினார். மூலையில் இரவல் வாங்கின தகரப் பெட்டி ஒன்று துடைத்துத் தயாராக இருந்தது.

"வாங்க சார். மெட்ராசுக்கு எத்தன மணி வண்டிங்க?" என்றார் மயிலம்மாள்.

"போக முடியாதுங்க," என்றார் மாஸ்டர்.

ஐந்து கட்டத்தை நூறு வீட்டில் விளக்கினவருக்கு இந்த ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. கேட்டு முடித்ததும் கந்தவேல்தான் பேசினார்.

"அவ ஐப்பசில பொறந்தவளுங்க சார். தீவாளி கழிஞ்சு நாலாம் நாள். பதினஞ்சு முடிய இன்னும் நாளு கெடக்குது."

மயிலம்மாள் உள்ளே போய் ஜாதக நோட்டைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினார். ஐந்து கட்டம் போட்ட தாள் அதிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. நாலு கட்டத்தில் பொட்டு, ஒன்று காலி. மாஸ்டர் குனிந்து அதை எடுத்துக் கொடுத்தார்.

"ஜாதகத்த ஒத்துக்க மாட்டேங்கறாங்க. ரிஜிஸ்டர்ல என்ன இருக்குதோ அதுதானாமுங்க."

"அதுல ஜூனுன்னு எழுதுனது ஆருங்க?" என்று கந்தவேல் கேட்டார்.

அப்போதைய தலைமையாசிரியர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அவர் பெயரைச் சொல்லியிருந்தால் யாரும் போய்க் கேட்கப் போவதில்லை. வழியெல்லாம் மாஸ்டர் அதையும் யோசித்துப் பார்த்துக்கொண்டுதான் வந்தார்.

"நான்தானுங்க."

தறிக்கூடத்தில் சத்தம் இல்லாததால் மயிலம்மாளுக்கும் அது நன்றாகக் கேட்டுவிட்டது. கையிலிருந்த தாளை அவர் நான்காக மடித்தார். பிறகு, "நாந்தானுங்களே வயசக் கூட்டிப் போட்டுச் சேத்திக்கோங்கன்னு சொன்னேன். தறில கைய வுட்டுருவான்னு பயந்துக்கிட்டுக் கூட்டியாந்தேன். உங்க மேல என்ன தப்புங்க," என்றார்.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். அந்த அம்மாளே பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டுவிட்டார். ஆனால் மாஸ்டருக்கு அந்த மன்னிப்பைத் தாங்க முடியவில்லை. பொய்யான மன்னிப்பை வாங்கிக்கொண்டு இந்தத் தெருவில் இனிமேல் எப்படிச் சைக்கிள் விடுவது?

"இல்லீங்க. ஜூலை முப்பத்தொண்ணுன்னு போட்டிருந்தாலும் சேத்தியிருப்பாங்க. அப்பிடிப் போட்டிருந்தா இன்னிக்குப் புள்ள போயிருக்கும்."

"அப்ப ஏனுங்க அப்பிடிப் போடல?" என்றார் கந்தவேல். அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"எழுத சுலபமா இருந்துச்சுங்க."

கந்தவேல் தலையை ஆட்டினார். எழுந்து போய் மோட்டாரைப் போட்டார். இரண்டு தறியும் ஓடத் தொடங்கியபின் அங்கே யாரும் யாரிடமும் பேச வழியில்லை. மயிலம்மாள் தாளை நோட்டுக்குள் வைத்து மூடினார். கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த பாவாயி, ராட்டையின் முன்னால் போய் உட்கார்ந்து தார் சுற்ற ஆரம்பித்தாள். அவளுடைய இடது கையை மாஸ்டர் ஒரு தரம் பார்த்தார், பிறகு பார்க்க முடியவில்லை.

மெட்ராஸுக்கு வேறு ஊர்ப் பெண் ஒருத்தி போனாள். பெரியவர்கள் அணிக்கு வயது வரம்பு இல்லை, மூன்று வருஷம் விடாமல் ஆடினால் அந்த வழியாகவும் போகலாம் என்று சொல்ல மாஸ்டர் இன்னொரு தாளோடு அந்தத் தெருமுனை வரைக்கும் இரண்டு முறை போனார். இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டார். சென்றாயன் தன் மகனுக்கு வேறு இடத்தில் பேசி முடித்தார். பாவாயி பள்ளி இறுதித் தேர்வு எழுதிவிட்டுத் தறிக்கு வந்தாள், பதினெட்டு முடிந்ததும் நாலு தெரு தள்ளி ஒரு நெசவுக்கார வீட்டில் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணப் பத்திரிகை மாஸ்டருக்கும் வந்தது. மயிலம்மாளே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மாஸ்டர் போய், கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு அவர் யார் வீட்டுக்கும் போய்க் கட்டம் போடவில்லை. ஆடுகிற பிள்ளைகள் ஆடினார்கள், நிறுத்துகிற பிள்ளைகள் நின்றார்கள். எண்பத்திரண்டு வாக்கில் அணி சேர்க்கப் பதினொரு பேர் இல்லை. ஸ்டிக்குகள் மாடிப்படிக்கு அடியில் இருந்த அறையில் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சைக்கிள் சத்தம் கேட்டால் யாரும் பயப்படத் தேவையில்லாமல் போயிற்று. "மாஸ்டர் அடங்கிட்டாருங்க," என்று பாவு நீட்டுகிறவர்கள் பேசிக்கொண்டார்கள். அடங்கவில்லை, ஓய்ந்துவிட்டார்.

ஜூன் மாதச் சேர்க்கை மேஜை மட்டும் அவரை விடவில்லை.

எண்பத்தேழாம் வருஷம், ஓய்வுக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தபோது, வரிசையில் ஒரு பெண் சிறுமியோடு வந்து நின்றாள். மாஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தலை நிமிராமலே பெயரைக் கேட்டு எழுதினார். வாணி. பிறந்த தேதி?

"பொறந்தது புரட்டாசிங்க சார். ரெண்டு மாசம் பத்தாது." பிறகு குரலைத் தாழ்த்தாமலே, "ஜூலை முப்பத்தொண்ணுன்னு போடுங்க. ஜூன் வேண்டாமுங்க," என்றாள்.

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். பாவாயி கொஞ்சம் இளைத்திருந்தாள். முன்நெற்றியில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. அவர் ரிஜிஸ்டரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். பக்கம் முழுக்கத் தேதி தெரியாத பிள்ளைகளுக்கும் வயது பத்தாத பிள்ளைகளுக்கும் 31-7 என்று இருந்தது. அதற்கு முந்தைய பக்கத்தைப் புரட்டினார். அதிலும் அப்படித்தான்.

"பதினோரு வருசமா இதுதாஞ் சாமி," என்றார்.

பாவாயி பார்த்தாள். அவள் முகத்தில் என்ன ஓடியது என்று மாஸ்டரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவரே மயிலம்மாளைப் பற்றி விசாரித்தார். காது இப்போது சுத்தமாகக் கேட்பதில்லை என்றாள்.

"ஆக்கி இன்னும் இருக்குதுங்களா சார்?"

"நாலஞ்சு ஸ்டிக்கு கெடக்குது. புள்ளைங்க இல்ல. ஊடு ஊடாப் போயிப் பேனா கேட்டுக் கட்டம் போட்டுக் காட்ட எனக்கு இனித் தெம்பு இல்ல சாமி."

"எங்க ஊட்டுக்கு நீங்க வர வேண்டாமுங்க," என்றாள் பாவாயி. "கட்டம் எனக்குத் தெரியுமுங்க."

அவர் பேனாவை மையில் தொட்டு, 31-7-82 என்று எழுதினார். பின்னாலிருந்த தாய்மார்கள் நகரச் சொல்லி முணுமுணுத்தார்கள். மை காயும்வரை அந்த எண்களைப் பார்த்தபடி அவள் மேஜையை விட்டு நகரவில்லை.